தகரத்தில் மழை

பதுளை மேல் நீதிமன்றத்துக்கு
நான் எழுதும் பதினோராவது அறிக்கை.

இன்று என்ன திகதி, யோகமலர்?
"கவ்வாத்து வெட்டி ரெண்டாங் கொழுந்துங்க."
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

பிள்ளை அழுததா?
"தகரத்துல மழைங்க. ஒண்ணும் கேக்கல."

நுரையீரல் மிதந்தது என்கிறார்
சட்ட வைத்திய அதிகாரி,
பிளேன்டீயில் சீனி கலக்கியபடி.
அரச சட்டத்தரணிக்கு ஒரு சொல் போதும்:
புத்தி தெளிவா, இல்லையா.
கன்டீனில் ஒரே மேசை எங்களுக்கு.
பணிஸுக்கு யார் காசு கொடுப்பது
என்பதில்தான் சண்டை.

இரவு, ஹாலிஎலையில்
என் சமையலறைக் கூரையும் தகரந்தான்.
கடைசிப் பக்கத்தை வெறுமையாய் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
முன்னறையிலிருந்து மகள்
மூன்று தரம் கூப்பிட்டாளாம்.