பென்சில் கோடு

பிடித்ததை மட்டும்தான் தர வேண்டும்.
மாடிப்படி வளைவில் நின்றபடி
நாங்கள் போட்ட ஒரே சட்டம் அது.
கடலூர், புதுப்பாளையம், மூன்று தளம்,
ஆறு வீடு, ஒரு மோட்டார்.
மீட்டர் பெட்டிகளுக்கு மேல்
அரையடி அகலத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு.
அங்கே வைக்கலாம், அங்கிருந்து எடுக்கலாம்.
பால் பாக்கெட் வைக்கக் கூடாதென்று
மரியதாஸ் சாக்பீஸில் எழுதியிருந்தார்.

மரியதாஸ் தருவதெல்லாம் கொலை.
கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு
"சமையல்காரன்தான்" என்று அட்டையிலேயே குறித்துவிடுவார்.
தெரிந்த பிறகுதான் நிம்மதியாகப் படிக்க முடிகிறதாம்.
சிப்காட்டில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் இளம்பரிதி
கப்பல் பற்றியது மட்டும் தருவான்.
அவன் கை பட்டுத் திரும்பினால் தாளெல்லாம் ஒரு மருந்து நெடி;
மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்துத்தான் படிப்பேன்.
ஜமீலா டீச்சர் பழைய காலண்டர் தாளில்
அட்டை போட்டுத் தருவார்.
எந்த நாவலைத் திறந்தாலும் உள்மடிப்பில்
ஏதோ ஒரு தேய்பிறை அஷ்டமி.
மற்ற இரண்டு வீடும் தருவதில்லை.
எடுப்பதுண்டா என்று தெரியாது.

நான் தந்தது ஒரே ஒன்று.
பெயர் சொல்ல மாட்டேன்.
திருப்பாப்புலியூர் ரயிலடிக்கு எதிரே
சாக்கு விரித்துக் குவித்திருந்ததில்
பதினெட்டு ரூபாய்க்கு எடுத்தது.

தந்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு
விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.
அறுபத்தேழாம் பக்கம்.
என் பென்சில் கோடு.
*அந்த வீட்டில் அவள் பதினோரு வருடம் விருந்தாளியாக இருந்தாள்*

செருப்பில்லாமல் இருட்டில் இறங்கினேன்.
திட்டில் புத்தகம் இல்லை.
ஒரு கறிவேப்பிலைக் கட்டு இருந்தது,
யாரோ யாருக்கோ வைத்தது.

எட்டு நாள்.
மோட்டார் போட இறங்கும்போதெல்லாம்
ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன்.
தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் வந்துச்சா என்று
டீச்சர் கேட்டதில்கூட
வேறு ஏதோ கேட்கிறாரோ என்றிருந்தது.
மரியதாஸ் சிரித்தால் அவர்தான்.
சிரிக்காவிட்டால் கண்டிப்பாக அவர்தான்.

ஒன்பதாம் நாள் மழை.
கெடிலத்தில் தண்ணி வருதாம் என்று
ஆளாளுக்குக் குடையோடு பாலத்துக்குப் போனார்கள்.
என் வீட்டுக்காரரும் போனார்;
ஓடுகிற ஆற்றை அவருக்குப் பிடிக்கும்.
திட்டில் புத்தகம் வந்திருந்தது.
காலண்டர் அட்டை இல்லை.
மருந்து நெடி இல்லை.
கொலைகாரன் பெயர் இல்லை.

அறுபத்தேழைப் புரட்டினேன்.
நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருந்தேன்.
விட்ட இடத்திலிருந்து, நீல மையில்,
ஸ்கேல் வைத்து யாரோ முடித்திருந்தார்கள்.
*ஆனாலும் உப்பு எந்த டப்பாவில் என்று
அவளுக்கு மட்டும்தான் தெரியும்.*

இத்தனை வருடத்தில் அந்தப் பாதியை
நான் படித்ததாகவே நினைவில்லை.

மறுநாள் அதே இடத்தில் இன்னொரு புத்தகம்.
நாவல் இல்லை, கதை இல்லை.
ரயில் கால அட்டவணை,
மீட்டர் கேஜ் காலத்தது, முனையெல்லாம் மடங்கி.
பிடித்ததை மட்டும்தான் தர வேண்டும்.
நடுப்பக்கத்தில் நம் ஊருக்கு நேரே,
ராத்திரி வண்டி ஒன்றின் கீழே
நீலக் கோடு. ஸ்கேல் வைத்தது.

அந்த வண்டி இப்போது ஓடுவதில்லை.
இரண்டு நாள் எடுத்துப் படித்தேன்,
எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும்,
எங்கே தண்ணீர் பிடிக்கும் என்பது வரை.
அரிசி வெந்து குழைந்துபோனது.
"என்னடி படிக்கிற அப்படி?" என்றார்.
"கதைதான்" என்றேன்.

திரும்ப வைக்கும் முன்
கடைசிக்கு நாலு ஊர் முந்தி
ஓர் ஊரின் கீழே பென்சிலால் கோடு போட்டேன்,
முழுசாக, கையாலேயே.
அந்தப் பெயரும்
சொல்ல மாட்டேன்.