மிசே மொட்டை

காந்தி திடலில் மைக் மாட்டிவிட்ட பையன் கேட்டான்:
“பேசும் பொம்மை சவரிராயன் பொண்ணா?”
ஆமாம் என்றேன்.
மொட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மொட்டை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவன்.
தாடைக் கம்பியில்
அப்பாவின் விரல் தேய்த்துவைத்த பள்ளம்.
என் விரல் அதில் தொளதொளக்கிறது,
பிளாஸ்திரி சுற்றிக்கொள்வேன்.

இந்தத் தொழிலுக்குப் பகை ப-வும் ம-வும்.
உதடு ஒட்டாமல் வராது.
மற்றவர்கள் அந்த எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
அப்பா அவற்றின் மேலேயே ஏறி நின்றார்:
“போன்ழூர் மாமோய்! பாப்பா, பம்பரம் வேணுமா?”
உப்பளம் முதல் கடலூர் முதுநகர் வரை
விசில் பறந்தது.

நான் சொன்னாலும் பறக்கிறது.
பிறகு யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து,
துக்கம் விசாரிக்கிற குரலில்,
“அப்படியே அப்பன்மா. உதடுதான் லேசா அசையுது.”

போன மாதம் ஒரு கல்யாண வீடியோ கிடைத்தது.
நெல்லித்தோப்பு, எண்பத்தொன்பது.
நிறுத்தி, ஓடவிட்டு, நிறுத்திப் பார்த்தேன்.
மாமோய் வருகிற இடத்தில்
அப்பாவின் மீசை
துடிக்கிறது.

அடர்ந்த மீசை.
அத்தனை வருஷமும் எல்லாரும்
மொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இன்றைக்கும் அவனைப் பையில் திணித்துக்கொண்டு
காந்தி வீதியில் ஸ்கூட்டியை விரட்டுகிறேன்.
ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு
சத்தமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன்:
பம்பரம், மாம்பழம், பெட்ரோல் பங்க்,
முத்தியால்பேட்டை,
இரண்டு உதடும்
நன்றாக ஒட்டி ஒட்டிப் பிரிய.