பத்தொன்பதாவது நிமிடம்

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் நின்றது.
திருநெல்வேலி முழுக்க மின்விசிறிகள்
மெல்ல மெல்லக் களைத்தன.
ஓட்டோகிளேவின் முள்
நூற்றிருபத்தொன்றிலிருந்து
படியிறங்கத் தொடங்கியது.
முப்பது நிமிடத்தில் பத்தொன்பது போயிருந்தது.

ஜெனரேற்றருக்கு டீசல் கேட்டு எழுதிய கடிதம்
இன்னும் யாருடைய மேசையிலோ.

உள்ளே சிவப்புப் பை.
வைத்தியசாலையிலிருந்து வந்த மாதிரிகளில்
ஒரு கிழமையாய் நாங்கள் முளைக்க வைத்தவை,
அகார் தட்டில் வட்டம் வட்டமாய்,
பார்க்க வடிவானவை.

ஆறவிட்டுக் கதவைத் திறந்தபோது
நாடாவில் கோடுகள் கறுத்திருந்தன.
"பாருங்கோ மிஸ், கறுத்திட்டுது. காணும்தானே,
ரெண்டு மணிக்கு லொறி வந்திடும்"
என்றான் துவாரகேஷ்.

நாடா சூட்டுக்குச் சாட்சி.
நேரத்துக்கு இல்லை.
'காணும்' என்ற சொல்லை
கிருமிகளின் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தேன்.
நல்ல சொல்.

பையைத் தூக்கப்போவது அவனல்ல, நானுமல்ல.
குருநகரிலிருந்து சைக்கிளில் வருகிற றெஜினா.
போன வருடம் இதேபோல் ஒரு பைக்குள்ளிருந்து
மூடாத ஊசியொன்று
அவவின் மோதிர விரலைக் கண்டுபிடித்தது.
ஆறு மாதம்
இரத்தம் கொடுத்துக் கொடுத்துக் காத்திருந்தா.
ஒன்றும் இல்லை என்று வந்த நாளில்
எங்களுக்கு மோதகம் கொண்டுவந்து தந்தா.
அந்த மேசையில் ஆறு பேர் சாப்பிட்டோம்.

பையைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன்.
கதவில் சோக்கட்டியால் எழுதினேன்:
வேகவில்லை.

லொறி வந்தது, நின்றது, ஹோன் அடித்தது, போனது.
"நாளைக்கு எனக்கெல்லோ ரெட்டை வேலை"
என்று றெஜினா ஏசினா.
ஓம் என்றேன்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
"மிச்சம் பதினொன்றுதானே" என்றான் துவாரகேஷ்.
மிச்சமென்று ஒன்றில்லை, தம்பி.
சைபரிலிருந்து வை.

முள் ஏறும்வரை பதிவேட்டைத் திறந்தேன்.
காயமடைந்தவர்: ஒரு கோடு.
நடந்தது என்ன: நடக்கவில்லை.
மூன்றாம் நாள் அது கந்தோரிலிருந்து திரும்பியது
பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறியோடு.

அழிக்க றப்பர் தேடியபோது
பழைய பக்கம் ஒன்று புரண்டது.
ஊசியை மூடாமல் போட்டவர்:
தெரியாது.

கையெழுத்து என்னுடையது.