படம் நான்கு: அடிப்பக்கம்

புளியரைச் சோதனைச் சாவடியில்
எனக்குக் கொடுத்த வேலை சின்னது.
மரத்தில் செய்த எது எல்லை தாண்டினாலும்
நான்கு படம் எடுக்க வேண்டும்:
முன், பின், பக்கம், அடி.
படத்தில் ஆள் விழக் கூடாது.
போன் என்னுடையது, ஓரத்தில் விரிசல்.
தினக்கூலி. படத்துக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

ரொம்ப நாள் எதையும் பார்க்கவில்லை.
எடுத்தேன், அனுப்பினேன்.
கட்டில் என்றால் கட்டில்.

ஆடிச் சாரலில் ஒரு ராத்திரி
புனலூரிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு வந்த வண்டி.
டிரைவர் சுகதன் நீட்டிய பட்டியல் மலையாளத்தில்.
எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
'சிரவ, ஒன்று.'
அது என்ன என்றேன்.
உள்ளங்கையைக் குழித்துக் காற்றில்
முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டினான்.
ஓ, தேங்காய் துருவுகிற பலகை.

தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
நேராக அடித்தால் பலகை.
கை வலித்துக் கொஞ்சம் சாய்ந்தபோது
ரேகை ரேகையாக எழும்பி வந்தது,
தண்ணீர் இறங்கிய பிறகு ஆற்று மணல் மாதிரி.
நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம்,
அதுவும் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி.
ஒருக்களித்து உட்காருகிறவள்.
வலது முழங்கால் மடங்காதோ என்னவோ.
ஆள் விழக் கூடாத படத்தில்
ஆள் விழுந்திருந்தாள்.
எடுத்துவிட்டேன். பலகைதானே.

அதற்குப் பிறகு என் கை மெதுவாகிப் போச்சு.
காய் நறுக்குகிற கட்டையில்
நூறு கீறல் ஒரே போக்கில், ஓரத்தில் மட்டும்
குறுக்கே ஆழமாக ஒன்று.
கோபமா, பூசணிக்காயா,
யாரிடம் கேட்பது?
ஒரு மேசையின் அடிவயிற்றில்
பென்சிலில் ஏழாம் வாய்ப்பாடு,
ஏழெட்டு ஐம்பத்துநாலு.
மல்லாந்து படுத்து எழுதியிருக்க வேண்டும்.
நானும் மல்லாந்து படுத்துத்தான் எடுத்தேன்,
லாரித் தளத்தில், சட்டை முதுகு நனைய.
பின்னால் ரப்பர் வண்டிக்காரன் ஹாரனை விடவே இல்லை.
மத்து ஒன்றை மேலிருந்து எடுத்தேன்.
பூ மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
மேலிருந்து பார்த்தாலும் அது மத்துதான்,
பள்ளத்தில் மோர் காய்ந்த மத்து.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து பதில்:
'ஸ்டூல். படம் நான்கு, அடிப்பக்கம்.
கை நிழல் தெரிகிறது. மறுபடி அனுப்பவும்.'
அந்த ஸ்டூல் அதற்குள்
கடையநல்லூரில் இறங்கியிருக்கும்.
அதன்மேல் ஏறி யாரோ பல்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று வருடமாக நான் உட்கார்ந்த ஸ்டூலை
எழுந்து நின்று கவிழ்த்தேன்.
மேலே சர்க்கார் பச்சை.
அடியில் பெயின்ட்காரன் கை போகவில்லை,
பலாச் சுளை நிறத்தில் அப்படியே மரம்.
ஆணி மூன்று.
நான்காவது ஓட்டையில் தீக்குச்சி,
மருந்து முனை உள்ளே போகும்படி திணித்தது.
அதன் பக்கத்தில் சிலந்தி கட்டிய வெள்ளைப் பொட்டலம்.
இத்தனை நாள், இத்தனை வண்டி,
என் எடை ஒரு தீக்குச்சியின்மேல்.

நிழல் விழாமல் தள்ளி நின்று எடுத்தேன்.
பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'சரி.'
யாருடைய ஸ்டூலுக்கோ
என் ஸ்டூலின் வயிறு சாட்சி.

சனிக்கிழமை அக்கா முப்பிடாதி
கேஸ் ரசீதைத் தேடிப் போனைத் தள்ளிக்கொண்டே போனவள்
அந்தப் படத்தில் நின்றாள்.
சாரல் பட்டுக் கொஞ்சம் கலங்கிய படம்,
நான்கு கால் வானத்தைப் பார்த்து,
வயிறு மஞ்சள்.
இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.
'யார் வீட்டு மாடுடி, செத்துப் போச்சா?'
'இல்லக்கா,' என்றேன்,
'சும்மா படுத்திருக்கு.'