47-இல் முடியும் எண்

கடவுச்சொல் தவறு என்கிறது மடிக்கணினி.
நேற்றிரவு வரை சரியாக இருந்த அதே சொல்.
பெரிய எழுத்துப் பொத்தானில் விளக்கு எரிகிறதா?
இல்லை.
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி
எழுத்தெழுத்தாய்த் தட்டினேன்.
தவறு.

வைசியாள் வீதிக் கடைக்காரர் போனிலேயே சொன்னார்:
"கீழ் ஓரத்துல தேதி என்ன காட்டுது, பாருங்க."
2015, ஜனவரி ஒன்று.
"உள்ள ஒரு பொட்டு பேட்டரி செத்திருக்கும்.
மணி தப்பா இருந்தா வாசல் திறக்காதும்மா."
இத்தனை வருஷத்தையும் விரலால் தள்ளித் தள்ளி
இன்றைக்குக் கொண்டுவந்தேன்.

சொல் சரி என்றது.
சரி என்ற கையோடு,
நீங்கள்தானா என உறுதிசெய்ய
47-இல் முடியும் எண்ணுக்கு
ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது.

47 இப்போது என்னுடையதில்லை.
சோம்பலில் ரீசார்ஜ் போடாமல் விட்டு
இரண்டு வருஷம் முன்பு கைநழுவிப் போனது.

உள்ளே பதினொரு கோப்புகள்.
பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பதினொரு பேர்
இன்னமும் உயிரோடு இருக்கிறார்கள் என்று
நான் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன்.
நாளை காலை பத்துக்குள் போய்ச் சேராவிட்டால்
அந்தப் பக்கம் அவர்கள் இல்லை.

முத்தியால்பேட்டை மாடியில் நின்று
என் பழைய எண்ணுக்கு நானே அடித்தேன்.

ஆண்குரல். பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின்.
கடலூர் முதுநகராம். பெயர் அஞ்சாப்புலியாம்.
"இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும்..."
"ஓடிபியா?
எம் மச்சான் இப்படித்தான் நாப்பதாயிரம் விட்டான்.
அதுவும் பொம்பளைக் குரல்தான்."
வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். மறுபடியும்.
இதற்குள் பத்து நிமிடம் முடிந்து
அந்த ஆறும் காலாவதி.
புதிதாய் ஆறு கேட்டேன்.
நான்காம் முறை வேறெதுவும் சொல்லவில்லை:
"என் பேரு குளோத்தில்த்."

மெஷின் சத்தம் தூரம் போயிற்று. வெளியே வந்திருப்பார்.
"அட, அந்தக் குளோத்தில்து நீங்கதானா?
ரெண்டு வருஷமா உங்களுக்கு வர்றதெல்லாம்
எனக்குத்தான வந்துகிட்டு கெடக்குது.
இருங்க, கேக்கறேன். கேஸ் எந்த ஏஜென்சி?"
சொன்னேன்.
"பல்லு டாக்டரு என்னிக்கு வரச் சொன்னாரு?"
வியாழக்கிழமை. நான் போகவில்லை.
"தெரியும். நாலு தரம் கூப்புட்டாங்க.
லைப்ரரியில ஏதோ புஸ்தகம் வேற திருப்பலியாம்."

கொஞ்சம் யோசித்துக் கேட்டார்:
"புத்தாண்டு ராத்திரி, மணி ஒண்ணு இருக்கும்,
எமிலியேன்னு பேர் போட்டு ஒரு மெசேஜ். யாரு அது?"

அண்ணன். மார்செய்யில் இருக்கிறான்.
வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சில்லை.
என்ன போட்டிருந்தான்?

"அது கெடக்கட்டும். மொதல்ல நம்பர எடுத்துக்குங்க,
இதுவும் செத்துடப் போவுது.
மூணு. ஒம்போது. சைபர். சைபர். ரெண்டு.
கடைசி ஏழு.
இல்ல, ஒண்ணு. கண்ணாடி போடல."

திறந்தது.
பதினொரு பேரும் வரிசையாய், அவரவர் இடத்தில்.
மூலையில் ஒரு கட்டம் கேட்டது:
பழைய எண்ணை நீக்கிவிடவா?
அம்புக்குறியை அங்கே நிறுத்திக்கொண்டு கேட்டேன்,
என்ன போட்டிருந்தான், எங்க அண்ணன்?

"பெருசா ஒண்ணுமில்லைங்க.
'குளோ, நீதானே'ன்னு கேட்டிருந்தாரு.
'இல்லை'ன்னு போட்டேன்.
நெசந்தான, நான் இல்லியே."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.
மெஷின் சத்தம் கிட்ட வந்தது.