ஒன்பதாம் எண்ணின் கோடு

இன்னிஸ்ஃபெயிலில் மழை விட்டு விட்டுப் பெய்வதில்லை,
விடாமல்தான் பெய்கிறது.
தோட்டத்து வாசலில் கிருமிநாசினித் தொட்டி.
பூட்ஸை முக்கிவிட்டுத்தான் உள்ளே போகலாம்,
முக்கிவிட்டுத்தான் வெளியே வரலாம்.
மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சைக்குக்
கால்கள் இல்லை. எங்களுக்கு இருக்கின்றன.

வாழையடி வாழையாக வாழ்க என்று
என் கல்யாணத்தில் யாரோ தந்தி அடித்திருந்தார்கள்.
இங்கே வந்துதான் அதற்குப் பொருள் தெரிந்தது:
விதை கிடையாது, கலப்பு கிடையாது,
கன்று என்பது தாயே மறுபடியும்.
ஒன்றை வீழ்த்தும் வாடல் நோய்
எல்லாவற்றையும் வீழ்த்தும்.
அந்தத் தந்தியைப் பூஞ்சை அனுப்பியிருக்கலாம்.

என் வேலை நோயில் இல்லை, மாவில்.
கறை பிடிக்காமல் தண்ணீருக்குள் தோலுரித்து
சீவி, உலர்த்தி, அரைத்து, சலித்து,
முப்பத்தேழு டிகிரியில்
நொதிகளோடு பதினாறு மணி நேரம் குலுக்கினால்
வயிறு இல்லாமலே ஒரு செரிமானம் நடக்கும்.
கரைந்து போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
கரையாமல் அடியில் நிற்கிற மாவுச்சத்து,
சிறுகுடலுக்குப் பிடிகொடுக்காமல்
பெருங்குடல்வரை பிழைத்துப் போகிற அந்த மிச்சம்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
காய் பழுக்கக் கூடாது.
தோலில் ஒரு மஞ்சள் கீற்று விழுந்தாலும்
என் அட்டவணையில் ஓர் எண் இறங்கும்.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேர்.
பெயர்கள் பூட்டிய இழுப்பறையில்;
வெளியே எண்கள் மட்டும்.
வெறும் வயிற்றில் நான்கு பிஸ்கட்,
அரை மணிக்கு ஒருமுறை விரலில் ஊசி.
ஒன்பதாம் எண், வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர்.
காய்ப்பேறிய விரல்;
இரண்டாம் குத்தில்தான் ரத்தம் கசிந்தது.

அவருடைய கோடு!
ஏறவே இல்லை. அசையவே இல்லை.
கரும்பு வெட்டிய வயல் மாதிரி
இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசிவரை சமம்.
டாக்டர் வெர்னீஸ் அதைத் திரையில் பெரிதாக்கி
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
பி-மதிப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
அன்று மாலை கேக் வெட்டினோம்,
கோதுமை மாவுக் கேக்.

பயணப்படி வாங்க வந்த நாளில்
அவர் வண்டியிலிருந்து ஒரு நாய் குதித்தது.
என்னை அதற்குத் தெரியாது.
நேராக வந்து
என் வெள்ளைக் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்தது,
வாலை ஆட்டிக்கொண்டே
இன்னும் இன்னும் நுழைத்தது.

அவர் தரையைப் பார்த்தார்.
"அட்டையைத் தின்பது போல இருந்தது, அம்மா.
நீங்கள் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டத்
திரும்பிய நேரத்தில்..."
நாலுமா?
"நாலும்."

உண்ணாத பிஸ்கட்தான்
எங்களிடம் இருந்த மிகச் சிறந்த பிஸ்கட்.

ஆய்வக ஏட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
அடித்தது படிக்கும்படி
ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து, தேதி.
இழுத்தேன். அதுவும் சமமான கோடுதான்.
பதினொரு பேர்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
டாக்டர் வெர்னீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அது சுத்தமாகவே இருந்தது.

எல்லோரும் போனபின் டப்பாவைத் திறந்தேன்.
ஏழு மாதமாக
நிறுத்து, பொடித்து, கரைத்து, எரித்துப் பார்த்த ஒன்றை
முதல்முறை கடித்தேன்.
சுண்ணாம்பு. பிறகு அட்டை.
பிறகு எங்கோ தொண்டையோரம்
கச்சல் வாழைக்காயின் லேசான துவர்ப்பு,
அது மட்டும் பொய் சொல்லவில்லை.
இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த தொகுப்புக்கான குறிப்பு:
மிளகு, சீரகம், உப்பு சற்றுக் கூட.
படிவத்தில் புதிதாக ஒரு கட்டம்: பிடித்ததா?
உண்ணும்வரை எதிரில் உட்காரவும்.

நாய்க்குப் படிவம் இல்லை.
நெறிமுறைக் குழு அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
நான்கு பிஸ்கட்டையும்
விருப்பத்தோடு தின்ற ஒரே உயிர் அது;
அதன் ரத்தத்தில் சர்க்கரை
எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது என்று
யாரிடமும் கணக்கில்லை.