பெண் மூலம்

பெண் மூலம் நிர்மூலம் என்று
வந்தவர்கள் எழுந்து போனது அக்காவுக்கு.
எனக்கு நட்சத்திரம் ரோகிணி.
எனக்கு வந்தது இந்த மூலம்.

சேரம்பாடி மழையில்
பாவாடையில் ரத்தம் இருந்தால்
அட்டை என்று சொல்லிவிடலாம்.
இரண்டு ஆடி அப்படித்தான் சொன்னேன்.
பக்கத்து நிரை பரிபூரணம்
உப்பும் புகையிலையும் முடிந்த துணியை நீட்டுவாள்.
வாங்கிக் காலில் தேய்த்துக்கொள்வேன்.

மார்கழியில் கேட்டாள்:
பனியிலுமாடி அட்டை?

அவளுக்குத் தெரியும்.
சந்தைக்கு வருகிறவனிடம்
கத்தியில்லை, மூன்றே நாள் என்று
தகர டப்பாவில் அவள் வாங்கிய களிம்பு
கட்டியோடு நல்ல தோலையும் தின்றது.
மூன்று மாதம் குப்புறப் படுத்தாள்,
சம்பளம் இல்லாத மூன்று மாதம்.
"துத்தியைக் கீரையாத் தின்னு. அதோட நிறுத்து.
நாளைக்கு லீவு போடு."

பந்தலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின்
முகம் சுளிக்காமல் கையுறை மாட்டினார்.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
சுவரில் சொட்டுமருந்துக் குழந்தை சிரித்தது.
"ரத்தம் என்ன நிறம்? கறுப்பா, சிவப்பா?"
செம்பருத்தி, என்றேன்.

வருகிற ரத்தமெல்லாம் மூலம் ஆகாதாம்.
கூடலூரில் குழாய் விட்டுப் பார்த்துவிடணும்.
மூலம்தான் என்றால் ஒரு சின்ன ரப்பர் வளையம்,
காம்பில் மாட்டினால் வாடி உதிர்ந்துவிடும்;
ரொம்பப் பெரிசானால்தான் கத்தி.
அதுவரை பேசினில் வெந்நீர் ஊற்றி உட்காரணும்,
முக்கக் கூடாது.
கருணைக்கிழங்கு நல்லதுங்களா, என்றேன்.
"தின்னுங்க. எதையும் பூசாதீங்க.
தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

ஏழரைக்கு மலை ஏறினால்
நாலரைக்கு இறங்குவது.
நடுவில் குடித்தால் நடுவில் போகணும்.
எங்கே போக?
தேயிலைச் செடி இடுப்பளவு.
கீழ்ச்சரிவில் ஆண்கள் மருந்தடிக்கிறார்கள்.

கொஞ்சம்தான், என்றேன்.
பேனா சீட்டின் மேல் சற்று நின்றது.
பிறகு எழுதியது: மூன்று லிட்டர்.

மறுநாள் மத்தியானம்.
குரியாக்கோஸ் கொழுந்து எடை எழுதுகிறார்.
எல்லாரும் பார்க்க
ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்தேன்.
வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"ஆபீஸ் கக்கூஸ் சாவி."

அவர் பேரேட்டைப் புரட்டினார்,
அதில் எங்கோ எழுதியிருப்பதுபோல.
நான் கையை மடக்கவில்லை.
முதுகுக்குப் பின்னால்
பரிபூரணம் தன் பாட்டிலைத்
திருகித் திறக்கும் சத்தம்.